ரத்தம் ஒன்றுதான், சிரையில் ஏன் கொழுப்பு படிவதில்லை?

தமனியிலும் சிரையிலும் ஓடுவது ஒரே ரத்தம், ஒரே கொலஸ்ட்ரால். ஆனாலும் கொழுப்பு படிவது தமனியில்தான். பைபாஸ் அறுவையில் காலிலிருந்து சிரையை எடுத்து இதயத் தமனியோடு இணைத்துத் தைக்கிறார்கள். சில ஆண்டுகளில் அந்தச் சிரைக்குள்ளும் கொழுப்பு படியத் தொடங்கிவிடுகிறது. அதுவரை பார்த்திராத அழுத்தத்தை அது தாங்க வேண்டியிருப்பது இதற்கு முக்கியக் காரணம்.

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் துகளின் விட்டம் 20 முதல் 25 நானோமீட்டர்தான். தமனியின் உட்படலத்தைத் தாண்டி அது சுவருக்குள் போவதும் வருவதும் இயல்பு. உயர் ரத்த அழுத்தம் நாள்பட அந்தப் படலத்தை நையவைக்கும்போது உள்ளே போகும் துகள்கள் பெருகி, சுவரில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பால் உப்பி அங்கேயே மடிகின்றன. அந்தக் குவியலின்மேல் மெல்லிய நார்மூடி வளர்கிறது. மூடி கிழிந்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயே அடைபடலாம். கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் இந்தப் படிவு அதிகம். அங்கே ரத்தம் சுழன்று ஓடுவதால் படலம் முன்பே நலிந்திருக்கும்.

பரிசோதனை அறிக்கையில் எல்டிஎல்லை மட்டும் பார்த்தால் போதாது. மொத்தக் கொலஸ்ட்ரால் 220, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் 40, ரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 250 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். 220-இலிருந்து 40-ஐயும், 250-இல் ஐந்தில் ஒரு பங்கான 50-ஐயும் கழித்தால் எல்டிஎல் 130. பரவாயில்லை என்று தோன்றும். எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: 180. சுவருக்குள் புகக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் இதில் அடக்கம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் முதல் கணக்கு செல்லாது.

ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் தையசைடு வகை மாத்திரைகளும் பழைய பீட்டா பிளாக்கர்களும் ட்ரைகிளிசரைடைச் சற்றே ஏற்றலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அழுத்தம் குறைவதால் வரும் நன்மை அதைவிடப் பெரிது.

கொலஸ்ட்ரால் அவ்வளவாக உயராதவர்களுக்கும் அதைக் குறைக்கும் மருந்து பயன்படுமா? உயர் ரத்த அழுத்தத்தோடு வேறு அபாயங்களும் உள்ள 10,305 பேருக்கு நடந்த ஆஸ்காட் ஆய்வு 2003-இல் விடை தந்தது. ஸ்டாடின் வகை மருந்தான அடோர்வாஸ்டாடினை 10 மி.கி. எடுத்தவர்களிடம் மாரடைப்பும் இதயநோய் மரணமும் சேர்ந்து 36 சதவீதம் குறைந்தன.

ஸ்டாடின் தொடங்கி 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபரிசோதனை செய்ய வேண்டும். அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் மேலும் 6 சதவீதம்தான் இறங்கும். முதல் மருந்து போதாதபோது மருத்துவர்கள் எசெடிமைப் என்ற வேறு வகை மருந்தைச் சேர்ப்பது அதனால்தான்.