ஆவியாதல் இழப்பு: சொல் விளக்கம்

நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகிக் காற்றில் கலப்பதால் இருப்பில் உண்டாகும் குறைவுக்கு ஆவியாதல் இழப்பு என்று பெயர். ஆங்கிலத்தில் எவாப்பரேஷன் லாஸ் என வழங்கும் தொடருக்கு இது நிகரானது. எவாப்பரேஷன் என்பது, ‘வெளியே’ எனப் பொருள்படும் முன்னொட்டும் நீராவியைக் குறிக்கும் சொல்லும் இணைந்த லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழில் ஆவி என்பது மூச்சையும் உயிரையும் குறிக்கும். வெந்நீரிலிருந்து எழுவதும் ஆவிதான். ஆயினும் ‘ஆவித்தல்’ எனச் சுருக்க வழியில்லை, ஏனெனில் அகராதியில் அது கொட்டாவி விடுதலைக் குறிக்கிறது. ‘ஆவியாக்கல்’ பிறவினை, யாரோ சூடேற்றுவதைச் சுட்டும். தேக்கத்தில் தானே நிகழ்வதற்குத் தன்வினையான ‘ஆவியாதல்’ என்பதே பொருந்தும். இலைகளின் வழியே நீர் வெளியேறுவது நீராவிப்போக்கு. தரைக்குள் இறங்குவது கசிவு. இவ்விரண்டையும் ஆவியாதலோடு சேர்த்து எழுதக் கூடாது.

இழப்பு மில்லிமீட்டர் ஆழமாகக் குறிக்கப்படுகிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் குறைந்தால் 1,000 கன மீட்டர் நீர் போய்விட்டது என்று பொருள். ஆகவே ஆழக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், வண்டல் படிந்து மாறிவிட்ட நீர்ப்பரப்பைப் பழைய அட்டவணையிலிருந்து எடுத்தால் விடை பிழையாகும். செயற்கைக்கோள் படங்கள் இங்கேதான் பெரிதும் உதவுகின்றன.

ஆழத்தைக் கணிக்க நெடுங்காலமாகப் பயன்படுவது ‘ஏ’ வகை ஆவியாதல் மானி. இது ஏறத்தாழ 121 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட உலோகத் தட்டு. அதன் பக்கச் சுவர்களும் வெயிலில் சூடேறுவதால் தட்டில் நீர் கூடுதலாகக் குறைகிறது. அதை ஈடுசெய்ய அளவீட்டைத் தட்டுக் கெழு எனும் திருத்த எண்ணால் பெருக்குகிறார்கள். வழக்கமான மதிப்பு சுமார் 0.7. இது ஓர் ஆண்டின் சராசரிக்கே ஓரளவு பொருந்தும். ஆழமான தேக்கம் கோடையின் வெப்பத்தைத் தன்னுள் சேமித்துவைத்துப் பின்னர் மெல்ல வெளிவிடுவதால், தட்டில் ஆவியாதல் உச்சத்தில் இருக்கும் மாதமும் தேக்கத்தில் உச்சத்தில் இருக்கும் மாதமும் வேறுபடலாம். அதனால் 0.7 என்ற எண்ணையே மாதந்தோறும் பயன்படுத்துவதுதான் இத்துறையில் மிக எளிதாக நுழையும் பிழை என்று கருதுகிறேன்.

நீர்ப்பரப்புக்கும் மேலுள்ள காற்றுக்கும் இடையிலான ஆவியழுத்த வேறுபாட்டுக்கு ஏற்ப ஆவியாதல் அமையும் என்று 1802-இல் ஆங்கில அறிவியலாளர் ஜான் டால்டன் காட்டினார்; 1948-இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் பென்மன் அக்கருத்தை வெப்ப ஆற்றல் கணக்கோடு இணைத்து ஒரு சமன்பாட்டைத் தந்தார். ஆழமான தேக்கத்துக்கு அச்சமன்பாட்டைப் பயன்படுத்தும்போது நீரில் தங்கும் வெப்பத்தையும் சேர்த்தாக வேண்டும். நீரின் மேல் மிதக்கும் மேடையில் கருவிகளை நிறுவி, காற்றின் செங்குத்து அசைவையும் ஈரத்தையும் நொடிக்குப் பலமுறை பதிவு செய்யும் சுழல் உடன்மாறுபாட்டு முறை இவற்றைவிட நேரடியானது; செலவும் பராமரிப்பும் மிகுதி.

வரவிலிருந்து வெளியேற்றத்தையும் இருப்பு மாற்றத்தையும் கழித்து, எஞ்சியதை ஆவியாதல் இழப்பு எனப் பதிவதும் உண்டு. அந்த எச்சத்தில் கசிவும், வரத்து அளவீட்டின் பிழையும், பதிவாகாமல் எடுக்கப்பட்ட நீரும் கலந்திருக்கும். இவற்றைத் தனித்தனியே பிரித்தறியாத வரையில், அதற்குரிய பெயர் ‘கணக்கில் வராத நீர்’ என்பதே.