மூக்கு வழியாகப் போன டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா? ஸ்கேன் எப்படிச் சொல்கிறது

பெரிய ஆபரேஷன் முடிந்து வாயால் சாப்பிட முடியாமல் கிடப்பவருக்கு மூக்கு வழியாக ஒரு டியூப் விட்டு, அதில் பாலோ கஞ்சியோ ஏற்றுவார்கள். ஆஸ்பத்திரியில் அதை ரைல்ஸ் டியூப் என்பார்கள். 1921-இல் இதைப் பற்றி எழுதிய இங்கிலாந்து மருத்துவர் ஜான் ரைலின் பெயர் அது. மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்சுக்குழி என்று அளந்துகொண்டு, பெரும்பாலும் உள்ளே எங்கே போகிறது என்று பார்க்காமல்தான் விடுகிறார்கள். தொண்டைக்குக் கீழே இரண்டு வழி. பின்பக்கம் உணவுக்குழாய், முன்பக்கம் மூச்சுக்குழாய். விழித்திருப்பவர் என்றால் டியூப் தப்பான வழியில் நுழைந்ததும் பெரும்பாலும் இருமித் தள்ளப் பார்ப்பார். மயக்க மருந்திலோ வென்டிலேட்டரிலோ இருப்பவருக்கு அந்த இருமல்கூட வராமல் போகலாம். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு டியூப் நுரையீரல் பக்கம் போய்விடுகிறது. அது தெரியாமல் பாலை ஏற்றிவிட்டால் உயிரே போகலாம்.

சிரிஞ்சில் காற்றை அடித்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்து, 'புஸ்' என்று கேட்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. இதை நம்பவே கூடாது. நுரையீரலின் அடியில் அடித்த காற்றும் அதே மாதிரி கேட்கும். பிரிட்டனில் 2005-லேயே இதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். டியூபிலிருந்து கொஞ்சம் நீரை உறிஞ்சி அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட நல்லது, பிஎச் எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் இரைப்பைதான், ஆனால் ஆபரேஷன் ஆனவருக்குப் பான்டோபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மருந்து போயிருக்கும், அப்போது கணக்கு குழம்பும். எக்ஸ்ரே உறுதியாகச் சொல்லும். ஆனால் படம் எடுக்க ஆள் வேண்டும், பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரை இன்னும் தூரம். இப்படிப்பட்ட கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் ராத்திரி நேரத்தில் எக்ஸ்ரே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவுவது இங்கேதான்.

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகில் போகிறவர்களுக்கு எக்கோ சவுண்டர் தெரியும். கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியின் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்கிறது. ஸ்கேன் இயந்திரமும் இதையேதான் செய்கிறது. சவுண்டரின் ஒலி நொடிக்கு 50 ஆயிரம் அல்லது 2 லட்சம் அதிர்வு. ஸ்கேனில் 20 லட்சத்திலிருந்து ஒரு கோடிக்கு மேல். அதிர்வு கூடக் கூடப் படம் நுணுக்கமாகும், ஆனால் ஆழம் குறையும். சதைக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகிறது. 5 செ.மீ. ஆழத்தில் பட்டுத் திரும்ப, நொடியில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். இன்னொன்று: காற்றில் பட்டால் ஒலி கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பிவிடும். மீனின் காற்றுப்பைதான் சவுண்டரில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கிறது. மனித வயிற்றிலோ அதே காற்று, பின்னால் இருப்பதையெல்லாம் மறைத்துவிடும்.

அதனால் இரண்டு இடத்தில் பார்க்கிறார்கள். முதலில் கழுத்து. குரல்வளைக்குக் கீழே புரோபை (உடம்பின் மேல் வைத்து ஒலியை அனுப்பி வாங்கும் கருவி) குறுக்காக வைத்தால் நடுவில் மூச்சுக்குழாய் வெள்ளை வளைவாகத் தெரியும், உள்ளே காற்று இருப்பதால் அதற்குப் பின்னால் கலங்கல்தான். அதற்குச் சற்று இடப்பக்கம், பின்னால் ஒட்டினாற்போல் உணவுக்குழாய் சுருங்கிக் கிடக்கும். டியூப் அதற்குள் போனதும் அங்கே பளிச்சென்று ஒரு கீற்றும் அதன் கீழே நிழலும் விழும். டியூப் விடும்போதே இதைப் பார்த்துவிடலாம், இதுதான் இந்த முறையின் பெரிய பலம் என்பேன்.

ஆனால் உணவுக்குழாயில் நுழைந்த டியூப் பாதியில் சுருண்டு நின்றுவிடவும் கூடும். ஆகவே அப்புறம் நெஞ்சுக்குழிக்குக் கீழே, குறைந்த அதிர்வுள்ள புரோபை வைத்து இரைப்பையைப் பார்க்கிறார்கள். டியூப் இரண்டு இணையான வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். காற்று மறைத்தால், கழுத்தில் டியூப் சரியான வழியில் இருப்பதைப் பார்த்த பிறகு, கொஞ்சம் காற்று கலந்த சலைனை வேகமாகத் தள்ளுவார்கள்; குமிழிகள் இரைப்பைக்குள் சுழல்வது திரையில் தெரிந்தால் முனை அங்கேதான்.

ஆபரேஷன் ஆனவரிடம் இதெல்லாம் சுலபமில்லை. புரோப் வைக்க வேண்டிய இடத்தில் கட்டு இருக்கும், குடல் அசைவு நின்று வயிறு முழுக்கக் காற்றாக இருக்கும். இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ தையல் போட்டவர் என்றால் கழன்ற டியூபை யாரும் தானாகத் திரும்ப விடக் கூடாது, அறுவை மருத்துவரைத்தான் கூப்பிட வேண்டும். அதோடு, டியூபை அதன் இடத்தில் பார்த்துவிட்டால் அதை நம்பலாம், தெரியவில்லை என்பதற்காக அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லும் கோக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பும் ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுக்கப் போதாது, எக்ஸ்ரே கிடைக்காத இடத்தில் பயன்படலாம் என்றுதான் சொன்னது. சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் வரை பால் ஏற்றக் கூடாது.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு இந்த வசதி கிடையாது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால், கையடக்க ஸ்கேனை நினைத்த வீட்டுக்கெல்லாம் தூக்கிப் போக முடியாது. கீழக்கரையிலோ தொண்டியிலோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஊட்டும் முன் மூக்கருகே டியூபில் போட்ட குறியைப் பாருங்கள். அது நகர்ந்திருந்தால் ஊட்ட வேண்டாம். ஊட்டும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.