எங்கள் விளையாட்டில் சுடுகாடு கிடையாது

நாங்கள் செய்த போன் விளையாட்டுக்கு இரண்டு முடிவுகள்தான். மூன்றாவது கிடையாது. ஸ்டோர் பக்கத்தில் எழுதியாயிற்று, வீடியோவில் சொல்லியாயிற்று, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போட்டாயிற்று. போதவில்லை போலிருக்கிறது.

போன வாரம் மானூர்ப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, நீங்கதானே அந்தக் கொடை கேமைச் செஞ்சது? பய எதையோ போன்ல ஏத்திப்புட்டான். ரூவா போயிட்டு. கேட்டா உங்க கேம்தான்னு சொல்லுதான்." பையன் ஒன்பதாம் வகுப்பு. ஏதோ குரூப்பில் 'மூன்றாவது முடிவு திறந்த மாட்' (யாரோ மாற்றியமைத்த பதிப்பு) என்று ஒரு ஏபிகே, அதாவது ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு, வந்திருக்கிறது. அப்பாவின் போனில் ஏற்றிவிட்டான். உரம் வாங்க வைத்திருந்த பணம் போய்விட்டது. இப்படி வருகிற முதல் அழைப்பு இதுவாக இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

விளையாடாதவர்களுக்கு ஒரு சுருக்கம். பாளையங்கோட்டையில் மூன்று பேர் சேர்ந்து கோடோ என்ற எஞ்சினில், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில், செய்த சின்ன விளையாட்டு இது. ஒரு பையன் கொடைக்கு, அதாவது கோவில் திருவிழாவுக்கு, ஊருக்கு வருகிறான். தாத்தா சுடலைமாடனுக்குச் சாமி வந்து ஆடுகிறவர். குடியழைப்பு, மதியக்கொடை எல்லாம் முடிந்து சாமக்கொடை ராத்திரியில் தாத்தா பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். நீங்கள் பின்னாலேயே போகலாம். கடைசி வீட்டைத் தாண்டியதும் திரை கறுத்துவிடும். தூரத்தில் மகுடம் என்ற கொட்டின் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் விடிந்துவிடும்.

அந்தக் கறுப்புத் திரைதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

ஆட்டக்காரர்களின் வாதம் இப்படிப் போகிறது: திரை கறுத்திருக்கிறது என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது, உருவாக்கியவர்கள் அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், விளையாட்டின் கோப்புகளை உடைத்தால் பார்த்துவிடலாம். இதற்கு 'ஆதாரம்' வேறு உண்டு. யாரோ கோப்புகளைப் பிரித்துப் பார்த்து, 'சுடுகாடு_3' என்ற பெயரில் ஒரு காட்சிக் கோப்பு இருப்பதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்று என்று இருக்கிறதே, அப்படியானால் மூன்றாவது முடிவு! அதைச் சுற்றி அரை மணி நேர விளக்க வீடியோக்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் எங்கள் ஓவியர் கனவில் கண்டதைத்தான் வரைந்தார் என்றுகூட இருக்கிறது. அவர் சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டார்.

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு புள்ளி. ஒலிப்புள்ளி. விளையாட்டில் சத்தம் தூரத்திலிருந்து வருவதுபோலக் கேட்க வேண்டுமென்றால், அது எங்கிருந்து வருகிறது என்று எஞ்சினுக்கு ஓர் இடம் காட்ட வேண்டும். மகுடச் சத்தத்துக்கு அப்படி ஓர் இடம் வேண்டியிருந்தது. கதைப்படி அது சுடுகாடு, அதனால் அந்தப் பெயர். முதல் இரண்டு தடவை தூரம் சரியாக அமையவில்லை. மூன்றாவது அமைந்தது, அதனால் 3. அங்கே தரை இல்லை, வானம் இல்லை, பீடம் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. எங்களில் யாரும் அந்தச் சுடுகாட்டை வரையவில்லை. வரையாத படத்தை எந்த 'மாட்' வந்தாலும் திறக்க முடியாது. உலகத்திலேயே பெரிய ஹேக்கர் வந்து திறந்தாலும் அவருக்கும் கொட்டுச் சத்தம்தான் கிடைக்கும்.

ஏன் வரையவில்லை? வேட்டைக்குப் போகிற சாமியாடிக்குப் பின்னால் ஊரில் யாராவது போவார்களா? நம் ஊர்க் கொடை பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். வீட்டுக்குள் இருந்து சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பையனுக்கும் அவ்வளவுதான் தெரியும், ஆட்டக்காரருக்கும் அவ்வளவுதான் தெரிய வேண்டும். இதைக் குறை என்று ஒரு நட்சத்திரம் கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பூட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

விளையாட்டில் இல்லாததைத் தேடுவது புதுப் பழக்கமும் அல்ல. 2004இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் மலைக்காட்டில் பிக்ஃபுட் என்ற காட்டுமனிதன் திரிகிறது என்று பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக அலையாதவர்கள் என் வயதில் குறைவு. அந்த விளையாட்டில் அப்படி எதுவும் கிடையாது. மைன்கிராஃப்டில் ஹீரோபிரைன் என்ற வெள்ளைக்கண்ணன் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்தும் அதைச் செய்தவர்கள் பதிப்புக் குறிப்புகளில் 'ஹீரோபிரைன் நீக்கப்பட்டான்' என்று திரும்பத் திரும்ப எழுதிக் கிண்டல் செய்தார்கள். எனக்கும் அப்படிச் செய்ய ஆசைதான். செய்தால் மானூர்க்காரர்கள் இன்னும் நாலு பேர் கூப்பிடுவார்களே!

உண்மையிலேயே ஒளித்து வைத்ததும் உண்டு. அட்டாரியின் அட்வென்சர் என்ற பழைய விளையாட்டில், நிரல் எழுதியவர் பெயரை நிறுவனம் போடாது என்பதால் வாரன் ராபினெட் தன் பெயரை ஓர் அறைக்குள் ஒளித்து வைத்தார். சாம்பல் தரையில் ஒரே ஒரு பிக்ஸல் அளவுள்ள சாம்பல் புள்ளிதான் அதற்குச் சாவி. ஒரு பையன் விளையாடிக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். அவன் கையில் இருந்தது எல்லாரும் கடையில் வாங்கிய அதே விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ்தான். ஒளித்து வைக்கிற எங்களுக்கு அது கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்ற ஆசை உங்களைவிட அதிகம். அதனால் வழியையும் விளையாட்டுக்குள்ளேயே போட்டுவைப்போம்.

எங்கள் விளையாட்டிலும் அப்படிச் சில உண்டு. செவ்வாய், வெள்ளியில் மட்டும் தெருமுனை ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். போனில் உள்ள தேதியைப் பார்த்துத்தான் வருகிறாள். தேதியை மாற்றிவைத்து அவளை வரவழைக்கிறீர்களா? தாராளமாக. அதுவும் ஆட்டம்தான். அதே ஆச்சி முகம் மேலத்தெரு வீட்டிலும் இருக்கிறதே, இரட்டைப் பிறவியா, செத்துப்போனவளா என்று கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. பழைய போன்களிலும் ஓட வேண்டும் என்பதால் ஒரே படத்தை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறோம். ஆனால் செத்துப்போனவள் என்ற கதை எங்கள் கதையைவிட நன்றாக இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஏபிகே. எப்படித் திருடுகிறது என்று நான் விளக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் செய்தவரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும். எங்கள் சாவி எங்களிடம். வேறொருவர் உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் தன் கையொப்பத்தைத்தான் போட முடியும். அதை எங்களுடையதன் மேல் ஏற்ற போன் விடாது. அதனால்தான் அந்த வீடியோக்களில் 'முதலில் பழைய கேமை நீக்கிவிடுங்கள்' என்று சொல்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் மூடிவிடுங்கள். நீக்கினால் நீங்கள் விளையாடிச் சேமித்த 'சேவ்' கோப்பும் போய்விடும். அதை என்னால் மீட்டுத் தர முடியாது, அழுதுகொண்டு மெயில் போடாதீர்கள்.

குரூப்பில் வந்த ஏபிகேயை ஏற்றாதீர்கள். 'தெரியாத ஆப்' அனுமதியை அணைத்து வையுங்கள். ஒரு விளையாட்டு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால், திரையைப் படித்து இயக்கும் 'அக்சசிபிலிட்டி' அனுமதி கேட்டால், அது விளையாட்டு இல்லை. துப்புக்குப் பணம் கேட்பவன் திருடன். நாங்கள் துப்பு விற்பதில்லை. ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களா? நெட்டை அணையுங்கள், வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண் 1930ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பையனை அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அடிக்காமலும் விடலாம். யுபிஐ உள்ள போனைப் பிள்ளை கையில் கொடுத்தது யார் என்றும் ஒருமுறை யோசிக்கலாம் அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் போனைத் தோண்டுவதில்லை, மண்ணைத் தோண்டப் பார்க்கிறார்கள். விளையாட்டில் ஒரு தாழி, அதாவது இறந்தவர்களைப் புதைத்த பழங்காலப் பானை, வருகிறது, விளிம்பில் ஒரு கீறல். உடனே ஆதிச்சநல்லூர் என்று முடிவு செய்து, அங்கே போய்த் தோண்டினால் அடுத்த துப்பு கிடைக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கேட்டதற்கு நன்றி. கேட்காமல் போகிறவர்களை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. இன்ஸ்கிரிப்ஷன் என்ற விளையாட்டுக்காக மண்ணில் புதைத்த ஃபிளாப்பி டிஸ்க்கை ஆட்டக்காரர்கள் தோண்டி எடுத்தது உண்மைதான். அது அதைச் செய்தவர்களே திட்டமிட்டுப் புதைத்தது. நாங்கள் எங்கும் எதையும் புதைக்கவில்லை. ஆதிச்சநல்லூர் 1876இலிருந்து ஆய்வாளர்கள் வந்துபோகிற, மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடம். அங்கே மண்வெட்டியோடு போனால் வழக்குத்தான். தாழி பார்க்க ஆசையென்றால் 2023இல் அங்கேயே திறந்த அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே கிடந்த இடத்திலேயே கிடக்கிறது.

சுடலை கோவில்களுக்கு ராத்திரி டார்ச்சோடு போய் வீடியோ எடுப்பதையும் விடுங்கள். அது ஒரு ஊர்க்காரர்களின் குலசாமி, உங்கள் லெவல் இல்லை. அவர்கள் பிடித்து வைத்தால் நான் வந்து பேச மாட்டேன்.

இவ்வளவு திட்டிவிட்டு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வில்லுப்பாட்டுக் காட்சியை எல்லாரும் தாவிவிடுகிறீர்கள். தாவாமல் உட்காருங்கள். எல்லார் கண்ணும் புலவர் மேல்தான் இருக்கிறது. குடம் அடிப்பவர் ஓர் இடத்தில் தாளம் தப்புகிறார். நாங்கள் வேண்டுமென்றே தப்ப வைத்தது அது. மறுநாள் காலையில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.