மக்களைத் தேடி மருத்துவம்: மாத்திரை மட்டும் இல்ல, நர்ஸும் பிசியோவும் வீட்டுக்கே வருவாங்க

தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம்னு சொன்னா நிறைய பேருக்கு ஞாபகம் வர்றது ஒரு அக்கா பைய மாட்டிக்கிட்டு வந்து பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை குடுத்துட்டுப் போறதுதான். அது சரிதான், ஆனா திட்டம் அதோட முடியல. படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு நர்ஸ் வீட்டுக்கு வரணும், பக்கவாதம் வந்து கை கால் வராதவங்களுக்கு பிசியோதெரபி வீட்லயே குடுக்கணும், வயித்து வழியா டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அந்தத் திரவப் பை வீடு தேடி வரணும், இது எல்லாமே இதே திட்டத்துலதான் இருக்கு. இது தெரியாம எத்தனையோ கிராமத்துல ஒரு யூரின் ட்யூப் மாத்துறதுக்காக வயசானவங்கள ரெண்டு பேர் தூக்கி ஆட்டோல ஏத்தி, போக வர ஆயிரக்கணக்குல செலவு பண்ணி, அன்னைக்குக் கூலியையும் விட்டுட்டு நிக்கிறாங்க. அதனாலதான் இத முழுசா எழுதணும்னு தோணுச்சு.

முதல்ல இது ஏன் வந்துச்சுனு பாத்துருவோம். தமிழ்நாட்டுல 2020ல ஒரு சர்வே எடுத்தாங்க, ஸ்டெப்ஸ் சர்வேனு சொல்வாங்க. அதுல பிரஷர் இருக்கவங்கள்ல வெறும் 7.3 சதவீதம் பேருக்குத்தான் பிரஷர் கட்டுப்பாட்டுல இருந்துச்சு, சுகர் இருக்கவங்கள்ல 10.8 சதவீதம். பிஎச்சில, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்துல, மாத்திரை ஃப்ரீயாதான் கிடைக்குது, அப்புறம் ஏன் இப்படி? காரணம் ரொம்ப சாதாரணம்ங்க. மாத்திரை வாங்க ஒரு நாள் போகணும், அந்த ஒரு நாள்ங்கறது ஒரு நாள் சம்பளம், பஸ் எப்ப வரும்னு தெரியாது, போனா லைன், அதுவும் உடம்புல ஒண்ணும் வலிக்கல, அப்புறம் எதுக்குனு ரெண்டு மாசம் விட்ருவாங்க, விட்டா விட்டதுதான், அடுத்து அவங்கள பாக்குறது பக்கவாதத்தோடயோ கிட்னி போயோதான். சரி அவங்க வரலன்னா நாம போவோம்னுதான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்துல முதல்வர் ஸ்டாலின் இத ஆரம்பிச்சு வச்சார். 2024ல தொற்றா நோய், அதாவது பிரஷர், சுகர் மாதிரி ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாத நோய் சம்பந்தமா ஐ.நா. அமைப்பு குடுக்கற விருதும் இதுக்குக் கிடைச்சுது.

இப்ப யார் யார் வருவாங்கனு தெளிவா புரிஞ்சுக்கணும், ஏன்னா யார்கிட்ட எதக் கேக்கணும்னு தெரியாமத்தான் பாதி உரிமை கைவிட்டுப் போகுது. மாத்திரையோட வர்ற அக்கா மகளிர் சுகாதார தன்னார்வலர், அதே பகுதில சுயஉதவிக் குழுல இருந்து எடுத்தவங்க. பிரஷர் மெஷினும் சுகர் பாக்குற மெஷினும் கைல வச்சிருப்பாங்க. 18 வயசுக்கு மேல இருக்க யாருக்கு வேணா டெஸ்ட் பண்ணுவாங்க, ஆனா அவங்க டாக்டர் இல்ல, நோய் இருக்குனு முடிவு பண்றதோ மாத்திரைய கூட்டிக் குறைக்கறதோ அவங்க வேலை இல்ல, பிரஷர் 140க்கு 90னோ அதுக்கு மேலயோ இருந்தா பிஎச்சிக்குப் போகச் சொல்லி எழுதிக் குடுப்பாங்க. ஊர்ல இருக்க சப் சென்டர்ல, அதாவது துணை சுகாதார நிலையத்துல, கிராம சுகாதார செவிலியர் இருப்பாங்க, அதான் நாம நர்ஸம்மானு சொல்றவங்க, நிறைய சப் சென்டர்ல இப்ப இடைநிலை சுகாதார சேவையாளர்னு இன்னொரு நர்ஸும் இருக்காங்க. இவங்களுக்கு மேல ஒன்றிய அளவுல ஒரு பேலியேட்டிவ் நர்ஸ் (படுக்கைல இருக்கவங்களுக்கும் தீராத நோய் இருக்கவங்களுக்கும் வலியும் அவஸ்தையும் குறையப் பாத்துக்கறவங்க), ஒரு பிசியோதெரபிஸ்ட், அவங்க வந்து போறதுக்கு ஒரு வண்டி.

இங்கதான் ஒரு முக்கியமான விஷயம். ஒரு ஒன்றியம்னா எத்தனை ஊராட்சினு நமக்கே தெரியும். அத்தனைக்கும் சேத்து ஒரே ஒரு நர்ஸ்னா அவங்க உங்க வீட்டுக்கு தினமும் வர முடியாது, வாரா வாரம் கூட கஷ்டம்தான். இது பத்தாதுனு எனக்கு உறுதியா தோணுது, ஒன்றியத்துக்கு இன்னும் ரெண்டு நர்ஸாவது போடணும், அது வேற பேச்சு. இன்னைக்கு இருக்க நிலைமைல அந்த நர்ஸ் வர்ற ஒரு மணி நேரத்த வச்சு மீதி நாள்ல வீட்ல இருக்கவங்க எப்படிப் பாத்துக்கறதுங்கறதுக்கு ஒரு திட்டம் போட்டுக்கணும், அது இல்லன்னா நர்ஸ் வந்து கட்டு மாத்திட்டுப் போவாங்க, பத்து நாள்ல புண்ணு மறுபடி பெருசாகி நிக்கும்.

சேர்றது எப்படின்னா, தனியா அப்ளிகேஷன் ஆன்லைன்னு அலையத் தேவையில்ல. தன்னார்வலர் அக்காகிட்டயோ சப் சென்டர் நர்ஸம்மாகிட்டயோ சொன்னா லிஸ்ட்ல ஏத்துவாங்க. 45 வயசுக்கு மேல பிரஷர், சுகர் இருக்கவங்களுக்கும், வயசு எதுவா இருந்தாலும் நடமாட முடியாதவங்களுக்கும் மாத்திரை வீட்டுக்கு வரும். ஆதார், ரேஷன் கார்டு, ஏற்கனவே பாத்த டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா ஒரே கவர்ல போட்டு வச்சுருங்க. ஒண்ணு மட்டும் கவனிக்கணும், படுக்கைல ஒருத்தர் இருக்காங்கனு சும்மா சொல்லாதீங்க, "யூரின் ட்யூப் போட்டிருக்கு, முதுகுல புண்ணு இருக்கு, நர்ஸ் வரணும்"னு என்ன வேணும்னு குறிப்பா சொல்லுங்க. அப்பதான் அது மாத்திரை லிஸ்ட்லயே நிக்காம பேலியேட்டிவ் நர்ஸ்கிட்டயோ பிசியோகிட்டயோ போய்ச் சேரும்.

மாத்திரை வீட்டுக்கு வருதுங்கறதுக்காக டாக்டரையே பாக்காம வருஷக்கணக்கா அதே மாத்திரைய முழுங்கிட்டு இருக்கக் கூடாது. பிஎச்சில தொற்றா நோய்க்குனு தனியா நர்ஸ் இருப்பாங்க, நடக்க முடிஞ்சவங்க அங்க போயி டாக்டர் சொன்ன இடைவெளில பிரஷர் சுகர் பாத்து, கிட்னி, கண்ணு, கால் செக் பண்ணிக்கணும். குறிப்பா கால். சுகர் இருக்கவங்களுக்கு மரத்துப்போன கால்ல முள்ளு குத்துனா கூட தெரியாது, காட்டு வேலைக்கு வெறுங்கால்ல போறவங்க ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கால விரல் இடுக்க யாரையாவது விட்டு பாக்கச் சொல்லணும்.

சரி, இப்ப படுக்கைல இருக்கவங்க விஷயத்துக்கு வருவோம், இதுதான் நான் அதிகமா சொல்ல நினைச்சது. நர்ஸ் முதல் தடவ வரும்போது வீட்ல நிஜமா பாத்துக்கற ஆள் யாரோ அவங்க கண்டிப்பா வீட்ல இருக்கணும். பெரும்பாலும் அது மருமகளோ மகளோ பொண்டாட்டியோதான், ஆனா நர்ஸ்கிட்ட பேசுறது வீட்டு ஆம்பளையா இருக்கும், சொன்னது எதுவும் செய்ற ஆளுக்குப் போய்ச் சேராது. ஒரு நோட்டு வாங்கி வச்சுக்கங்க. அதுல என்ன மாத்திரை எத்தன மணிக்கு, ட்யூப் போட்ட தேதி, அடுத்து மாத்த வேண்டிய தேதி, புண்ணு இருந்தா எந்த இடத்துல எவ்ளோ பெருசு, பிசியோ சொல்லிக் குடுத்த பயிற்சி, அவசரம்னா யாருக்கு போன் பண்ணணும், இவ்ளோதான் எழுதணும். எழுதத் தெரியலன்னா ஸ்கூல் படிக்கிற புள்ள எழுதட்டும். அடுத்த தடவ வேற நர்ஸ் வந்தாலும், திடீர்னு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தாலும் அந்த நோட்டு ஒண்ணு இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

படுக்கைப் புண் வராம பாக்குறதுதான் இருக்கறதுலயே பெரிய வேலை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கணும்னு சொல்வாங்க, பகல்ல வீட்ல ஆள் இல்லாத குடும்பத்துக்கு இது நடக்கற காரியமானு கேட்டா கஷ்டம்தான், அதனாலதான் நர்ஸ்கிட்ட உக்காந்து உங்க வீட்டு நிலைமைய மறைக்காம சொல்லணும், "காலைல ஏழு மணிக்கு வேலைக்குப் போனா சாயங்காலம்தான் வருவோம்"னு சொன்னா நடுவுல பக்கத்து வீட்ல யாரு வந்து திருப்பிப் போடலாம், ஏர் பெட் வாங்க முடியுமா, எந்தப் பக்கம் எவ்ளோ நேரம்னு அதுக்கேத்த மாதிரி யோசிச்சு சொல்வாங்க. நடு முதுகுக்குக் கீழ, இடுப்பு எலும்பு, குதிகால், இந்த இடங்கள தினமும் குளிப்பாட்டும்போதோ துடைக்கும்போதோ பாருங்க. செவந்துருந்தா விரல வச்சு அமுக்கிப் பாக்கணும், விரல எடுத்ததுக்கு அப்புறமும் அந்தச் செவப்பு மாறலன்னா புண்ணு ஆரம்பிக்குதுனு அர்த்தம், அன்னைக்கே போன் பண்ணணும், தேய்க்கக் கூடாது. நிறத்துல செவப்பு தெரியாதவங்களுக்கு அந்த இடம் சுடுதா, கெட்டியா இருக்கானு தொட்டுப் பாருங்க.

யூரின் பை எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும், தரைல படக் கூடாது, திருப்பிப் போடும்போது பைய வயித்து மேல தூக்கி வைக்கறது நிறைய வீட்ல நடக்குது, அது தப்பு, மூத்திரம் திரும்பிப் போயி இன்ஃபெக்ஷன் ஆகும். யூரின் வரது நின்னு போச்சு, ரத்தமா வருது, குளிர் ஜுரம்னா அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மூக்கு வழியா ட்யூப்ல சாப்பாடு குடுக்கறவங்க தலையையும் முதுகையும் நல்லா உயர்த்தி வச்சுக் குடுக்கணும், குடுத்த உடனே படுக்க வைக்காம அரை மணி நேரமாவது அப்படியே விடணும்.

கேன்சர் வலி பத்தி தனியா சொல்லியே ஆகணும். வலிய தாங்கிக்கிட்டுத்தான் சாகணும்னு ஒண்ணும் இல்லங்க. மார்ஃபின் மாத்திரை இருக்கு, சாதாரண மெடிக்கல் ஷாப்ல கிடைக்காது, ஆனா 2014ல போதைப் பொருள் சட்டத்த திருத்தி, வலி நிவாரணத்துக்கு இத நோயாளிக்கு கிடைக்கச் செய்றத எளிதாக்கிருக்காங்க. மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில பேலியேட்டிவ் பிரிவு எங்க இருக்குனு உங்க நர்ஸ்கிட்டயே கேளுங்க, நோயாளிய கூட்டிப் போக முடியலன்னா என்ன வழினும் அவங்ககிட்டயே கேளுங்க. டாக்டர் சொன்ன அளவுல வலிக்காகக் குடுத்தா அடிமையாயிருவாங்களோனு பயந்து நிறுத்தாதீங்க. மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேத்து மருந்து கேட்டு வாங்கிக்கங்க.

பிசியோதெரபிஸ்ட் மாசத்துல சில தடவதான் வருவாங்க, அதனால அவங்க பண்ணி விடறத பாத்துட்டு சும்மா இருந்தா பிரயோஜனம் இல்ல. பக்கவாதத்துல முதல் சில மாசம் ரொம்ப முக்கியம், அந்த நேரத்துல தினமும் பயிற்சி குடுத்தாதான் கை மடங்கி இறுகிப் போகாம இருக்கும். அவங்க சொல்லிக் குடுக்கும்போது போன்ல வீடியோ எடுத்துக்கங்க, தினமும் அதப் பாத்து பண்ணுங்க. விளங்காத கையப் பிடிச்சு இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் பட்டை எறங்கிரும், எப்படி உக்கார வைக்கறதுனு கண்டிப்பா அவங்ககிட்டயே கத்துக்கங்க.

கிட்னி போனவங்க எல்லாரும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ டவுனுக்குப் போயி மெஷின்ல டயாலிசிஸ் பண்ணணும்னு இல்ல, சிலருக்கு வயித்து வழியா வீட்லயே பண்ற முறை ஒத்து வரும். உங்களுக்கு அது சரிப்படுமானு கிட்னி டாக்டர்தான் சொல்லணும். அதுல இருக்கவங்களுக்கு பை வீட்டுக்கு வரும், ஆனா கை சுத்தமும் பண்ற இடமும் ரொம்ப முக்கியம், வெளிய வர்ற திரவம் கலங்கலா இருந்தாலோ வயிறு வலிச்சாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

பணம் சம்பந்தமா ரெண்டு விஷயம். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா அது ஆஸ்பத்திரில பண்ற சிகிச்சைக்குத்தான், வீட்ல நர்ஸ் பாக்குறதுக்கு இல்ல, வீட்டுக்கு வர்றது மக்களைத் தேடி மருத்துவம்தான், அதுக்குக் காசே கிடையாது. ரெண்டாவது, கடுமையா பாதிக்கப்பட்டவங்க, முதுகுத்தண்டு அடிபட்டவங்க, பார்க்கின்சன், தசைச்சிதைவு இருக்கவங்களுக்கு மாற்றுத் திறனாளி பராமரிப்பு உதவித்தொகை இருக்கு, 2023 ஜனவரில 1,500ல இருந்து மாசம் 2,000 ரூபாயா ஏத்துனாங்க. மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்துல விண்ணப்பிக்கணும். கூடவே இருந்து பாத்துக்கறவங்களுக்கு ஏதாவது உதவி உண்டானும் அங்கயே கேளுங்க.

பாத்துக்கறவங்கள பத்தியும் ஒரு வார்த்தை. தன்னார்வலர் அக்கா வரும்போது நோயாளிக்கு மட்டும் பிரஷர் பாத்துட்டு அனுப்பிராதீங்க, பக்கத்துல நின்னு டம்ளர்ல தண்ணி குடுக்கறாங்களே அவங்க கையையும் நீட்டச் சொல்லுங்க. ராத்திரி தூக்கம் இல்லாம, சாப்பாடு நேரம் தவறி வருஷக்கணக்கா பாத்துக்கற பொம்பளைக்கு பிரஷர் இருக்கானு யாரும் கேக்கறதே இல்ல. கூடப் பொறந்தவங்க வெளியூர்ல இருந்தா பணம் மட்டும் அனுப்பாம மாசத்துல ரெண்டு நாள் வந்து பாத்துக்கட்டும், அந்தத் தேதியையும் அதே நோட்டுல எழுதுங்க.

சொல்லியும் யாரும் வரலன்னா முதல்ல பிஎச்சி மருத்துவ அலுவலர நேர்ல பாத்து எழுதிக் குடுங்க, குடுத்த தேதிய குறிச்சு வச்சுக்கங்க. அதுக்கும் பதில் இல்லன்னா 104க்கு போன் பண்ணுங்க, அது தமிழ்நாடு அரசோட மருத்துவ உதவி எண், முதல்வரின் முகவரி எண் 1100லயும் புகார் பதிவு பண்ணலாம், புகார் நம்பர் குடுப்பாங்க, அத விடாம வாங்கிக்கங்க. நெஞ்சு வலி, திடீர்னு பேச்சு குழறுது, வாய் கோணுது, சுகர் கொறஞ்சு மயங்கிட்டாங்கன்னா இதுல எதுவும் வேண்டாம், நேரா 108. மயக்கத்துல இருக்கவங்க வாயில சர்க்கரையோ தண்ணியோ ஊத்தக் கூடாது, நினைவோட இருந்தா மட்டும் சர்க்கரை குடுத்துட்டு வண்டி வர்ற வரைக்கும் கூடவே இருங்க.