ஸ்பானியர் எடுத்ததையெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்தவர்கள்

1533-இன் தொடக்கத்தில் எர்னாண்டோ பிசாரோ என்கிற ஸ்பானியத் தளபதி, கஹமார்கா நகரத்திலிருந்து பெரு கடற்கரையில் இருந்த பச்சகாமாக் கோவிலுக்குத் தங்கம் தேடிக் கிளம்பினார். இன்கா மன்னன் அதவால்பா அப்போது எர்னாண்டோவின் அண்ணன் பிரான்சிஸ்கோ பிசாரோவின் கைதி. வழியெல்லாம் இன்கா அரசின் கிடங்குகள். விறகு, மக்காச்சோளம், லாமா என்கிற பொதி விலங்கு, சிச்சா என்கிற சோளக் கள், எது கேட்டாலும் வந்தது. கொடுத்த கையோடு கிடங்குக்காரர்கள் ஒரு கயிற்றுக் கொத்தை எடுத்து, ஓர் இடத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்து வேறோர் இடத்தில் போட்டார்கள். அந்த ஆண்டே எழுதிய கடிதத்தில் எர்னாண்டோ இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ராஜா சிறையில் கிடக்கிறார், நாட்டைப் பிடிக்க வந்தவன் வாசலில் நிற்கிறான், அவனுக்குக் கொடுத்த விறகுக்கும் கணக்கு!

அந்தக் கயிற்றுக் கொத்துக்குப் பெயர் கிப்பு. இன்காக்களின் வீழ்ச்சி என்றாலே குதிரை, துப்பாக்கி, பெரியம்மை என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் தெற்கு கொலம்பியாவிலிருந்து சிலியின் நடுப்பகுதி வரை நீண்ட ஒரு ராஜ்ஜியத்தை எழுத்தும் நாணயமும் இல்லாமல் எப்படி நடத்தினார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம்.

ஒரு தடித்த முதன்மைக் கயிறு, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் மெல்லிய கயிறுகள். பருத்தி, அல்லது லாமா, அதன் இனமான அல்பாகா மயிர். ஒவ்வொரு தொங்கு கயிறும் ஓர் எண். நம்மைப் போலவே பத்தடிமானம்தான், இடமதிப்பும் உண்டு. மேலே ஆயிரம், அதற்குக் கீழே நூறு, பத்து, அடியில் ஒன்று. 407 என்று போட வேண்டுமா? நூறின் இடத்தில் நான்கு ஒற்றை முடிச்சுகள். பத்தின் இடத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும், அந்த வெற்றிடம்தான் பூஜ்ஜியம். ஒன்றின் இடத்தில் மட்டும் முடிச்சின் வகையே மாறும், ஏழு தனி முடிச்சு போடாமல், நூலை ஏழு சுற்றுச் சுற்றி இழுத்த ஒரே நீள முடிச்சு. எதற்கு இந்தத் தனிக் கவனம்? நீள முடிச்சைத் தொட்டால் எண் இங்கே முடிந்தது என்று விரலுக்கே தெரிந்துவிடும், அதே கயிற்றில் கீழே அடுத்த எண்ணை ஆரம்பித்துக்கொள்ளலாம். சரி, கடைசி இலக்கம் 1 என்றால்? ஒரே சுற்றுச் சுற்றினால் அது சாதாரண ஒற்றை முடிச்சாகிவிடும், குழப்பம். அதனால் 1-க்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு. சில கிப்புகளில் மேல்நோக்கிப் போகும் ஒரு தனிக் கயிறு இருக்கும், அதைப் படித்தால் கீழே தொங்கும் கயிறுகளின் கூட்டுத்தொகை வரும். லேலண்ட் லாக் என்கிற அமெரிக்கர் 1912-இல் இந்தக் கணக்கின் புதிரை அவிழ்த்தது பெரும்பாலும் அந்தக் கூட்டல் சரியாக வந்ததை வைத்துத்தான்.

இந்தக் கணக்கு எப்படி மேலே போனது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. லிமாவை ஒட்டிய புருச்சூக்கோவில் கிடைத்த 21 கிப்புகளில் ஏழு கிப்புகளை 2005-இல் ஆய்வாளர்கள் கேரி உர்ட்டனும் கேரி ப்ரெசீனும் கணினியில் ஒப்பிட்டார்கள். மூன்று அடுக்கு தெரிந்தது. கீழ் அடுக்குக் கிப்புகளில் உள்ள எண்களைக் கூட்டினால் நடு அடுக்கின் எண், நடு அடுக்கைக் கூட்டினால் மேல் அடுக்கு. அரசாங்கமே பத்தடிமானத்தில் அடுக்கப்பட்டிருந்தது: 10 குடும்பத்துக்கு ஒருவர், 100-க்கு ஒருவர், 1,000-க்கு ஒருவர், 10,000-க்கு ஒருவர். வரி என்பது காசு அல்ல, உழைப்பு. யார் எத்தனை நாள் வந்தார்கள், கிடங்கில் எவ்வளவு சேர்ந்தது, எல்லாம் நூலில் ஏறி, கிப்பைப் படிக்கத் தெரிந்த கிப்புகமாயோக் என்னும் கணக்கர் வழியாக மேலே போகும்.

இப்படிப்பட்ட அரசைத்தான் 1532 நவம்பர் 16 அன்று 168 ஸ்பானியர் கஹமார்காவில் தலையைப் பிடித்து நிறுத்தினார்கள். அதற்கு முன்பே மன்னர் ஹுவைனா காப்பாக் செத்து, மகன்கள் அதவால்பாவுக்கும் ஹுவாஸ்காருக்கும் நடந்த சண்டையில் நாடு பிளந்து கிடந்தது. அதவால்பாவை விடுவிக்கத் தங்கமும் வெள்ளியும் வந்து குவிந்தன, உருக்கினார்கள், 1533 ஜூலையில் அவரைக் கொன்றும்விட்டார்கள். ஆனால் ராஜா செத்தால் கணக்கு நிற்குமா? கணக்கர்கள் ஊர் ஊராக இருந்தார்கள்.

இதில் பெருவின் மலைப்பகுதியில் இருக்கும் ஹவுஹா பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். இங்கே மலைச் சரிவுகளில் சுமார் 2,000 கிடங்குகள் இருந்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. குளிரும் காற்றும் வாங்குவதற்காகவே உயரத்தில் கட்டியவை. அங்கிருந்த வாங்கா மக்கள் இன்காக்களிடம் தோற்று நூறு வருடம்கூட ஆகவில்லை, வெறுப்பு ஆறவில்லை, அதனால் ஸ்பானியர் பக்கம் சாய்ந்தார்கள். ஆளும் கொடுத்தார்கள், அரிசி பருப்பு மாதிரி அவர்களுக்கு அன்றாடமான சோளமும் உருளைக்கிழங்கும் லாமாவும் துணியும் செருப்பும் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க முடிச்சும் போட்டார்கள்.

அப்புறம் 1561-இல் ஹவுஹா தலைவர்கள் லிமா நீதிமன்றத்துக்குக் கிப்புகளோடு வந்தார்கள். 1533-இலிருந்து பிசாரோவின் ஆட்களுக்குக் கொடுத்தது, பின்னால் ஸ்பானியர் தங்களுக்குள் அடித்துக்கொண்டபோது கொடுத்தது, எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தார்கள். நாமாகக் கொடுத்தது தனி, அவர்கள் கொள்ளையடித்தது தனி! எழுத்தர்கள் அதை ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டார்கள். பல நூற்றாண்டு கழித்து அந்த ஆவணத்தை ஆராய்ந்த ஜான் முர்ரா, பொருள்களின் வரிசை திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒரே மாதிரி வருவதைக் கவனித்தார்: முதலில் மனிதர்கள், அடுத்து லாமாக்கள், பிறகு துணி, அதன்பின் தானியம். காகிதத்தில் ஸ்பானிய மொழி இருந்தாலும் அடியில் இருப்பது கயிற்றின் ஒழுங்கு.

இதே வேலை மெக்சிகோவிலும் நடந்தது, அங்கே ஓவியத்தில். அஸ்டெக் பகுதியில் கணக்கு இருபதின் மடங்கில் போகும், ஒரு கொடி வரைந்தால் 20. 1531-இல் வெஹோட்சிங்கோ ஊர் மக்கள், ஸ்பானிய அதிகாரிகள் தங்களிடம் அளவுக்கு மீறி வாங்கியதை எட்டுத் தாள்களில் வரைந்து வழக்கில் சாட்சியமாக வைத்தார்கள். இந்த வழக்கில் அவர்கள் பக்கம் நின்றது யார் தெரியுமா, எர்னான் கோர்ட்டெஸ்! அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லானை அழித்த அதே ஸ்பானியத் தளபதிதான். அந்த அதிகாரிகள் அவர் சொத்திலும் கைவைத்திருந்தார்கள்.

கிப்புவுக்கு அதன்பின் நல்ல காலம் இல்லை. 1583-இல் லிமாவில் கூடிய திருச்சபை மாமன்றம் பழைய வழிபாட்டோடு தொடர்புடைய கிப்புகளைப் பிடுங்கச் சொன்னது. இன்று உலக அருங்காட்சியகங்களில் ஆயிரத்துக்கும் மேல் மிச்சம். எண்களைப் படிக்க முடிகிறது, அவை எதன் எண்கள் என்பதுதான் சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் ஹார்வர்டில் மாணவராக இருந்த மேன்னி மெட்ரானோ, உர்ட்டனோடு சேர்ந்து, சாந்தா பள்ளத்தாக்கின் ஆறு கிப்புகளை 1670-இன் ஒரு ஸ்பானிய மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார். காகிதத்தில் வரி கட்டும் 132 பேர், கிப்புகளில் ஆறாறு கயிறாகக் கட்டிய 133 கொத்துகள். தொங்கு கயிற்றை முதன்மைக் கயிற்றில் முன்பக்கமாகக் கட்டியிருக்கிறதா பின்பக்கமாகவா என்பதை வைத்து, அந்த ஆள் ஊரின் இரண்டு பிரிவுகளில் எதைச் சேர்ந்தவர் என்று சொல்லலாம் என்பது அவர்கள் முடிவு.