தரையைத் தொடுவதற்கு 16 நிமிடம் முன்பு: டொர்னாடோ எச்சரிக்கை உருவாகும் விதம்

நமது செய்தித்தாள்களில் டொர்னாடோவும் பெரும்பாலும் சூறாவளி என்ற பெயரிலேயே வந்துவிடுவதால், வங்கக் கடலில் உருவாகும் புயலைப் போல அதற்கும் சில நாள்களுக்கு முன்பே பாதை வரைந்து காட்டிவிடலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரப்பை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் நகர்வது. டொர்னாடோவோ ஓர் இடிமேகத்தின் அடியிலிருந்து தரைவரை நீண்டு சுழலும் காற்றுத் தூண். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும், ஆயுள் பல வேளைகளில் 10 நிமிடம்கூட இராது. இத்தனை சிறியதை அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் எப்படி முன்கூட்டிச் சொல்கிறார்கள் என்பதை, 2013 மே 20 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் மூர் நகரைத் தாக்கிய டொர்னாடோவை வைத்துப் பார்க்கலாம்.

டெக்சாஸ், ஓக்லஹோமா, கேன்சஸ், நெப்ராஸ்கா என்று நீளும் அந்தச் சமவெளியில், வசந்த காலத்தில் மெக்சிகோ வளைகுடாவின் வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று தரையை ஒட்டி வடக்கு நோக்கி வருகிறது. தென்மேற்குப் பீடபூமிகளிலிருந்து வரும் வறண்ட காற்று அதன்மேல் மூடி போட்டதுபோல் படர்கிறது. மூடி இருக்கும்வரை கீழே வெப்பம் சேர்ந்துகொண்டே போகும். பிற்பகலில் அது ஏதோ ஓரிடத்தில் உடையும்போது, அடைபட்டிருந்த காற்று மிகுந்த வேகத்துடன் மேலெழுந்து இடிமேகமாகிறது. அந்த நாளில் தரையருகே காற்று தெற்கிலிருந்தும், உயரத்தில் மேற்கிலிருந்து பன்மடங்கு வேகமாகவும் வீசினால், இடையிலுள்ள காற்று உள்ளங்கைகளுக்கு நடுவே திரி உருள்வதைப் போல உருளத் தொடங்கும். மேலெழும் காற்று அந்தத் திரியைத் தூக்கி நிமிர்த்தும்போது மேகமே சுழல்கிறது. இப்படிச் சுழலும் இடிமேகத்தைத்தான் சூப்பர்செல் என்கிறார்கள். கடுமையான டொர்னாடோக்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

இந்தச் சேர்க்கை ஒரு வட்டாரத்தில் கூடிவரப் போகிறது என்பதைச் சில நாள்களுக்கு முன்பே கணினி மாதிரிகள் காட்டிவிடும். நார்மன் நகரிலுள்ள புயல் முன்கணிப்பு மையம் அதை நாடு முழுவதற்கும் கவனித்து வருகிறது. மே 20 அன்று பிற்பகல் 1.10 மணிக்கு அந்த மையம் ‘கண்காணிப்பு’ அறிவிப்பை வெளியிட்டது. டொர்னாடோவுக்கு ஏற்ற சூழல் பல மாவட்டங்களில் பல மணி நேரத்துக்கு நிலவும் என்பதே அதன் பொருள். டொர்னாடோ வந்துவிட்டது என்பதல்ல. ‘எச்சரிக்கை’ என்பது இதற்கு அடுத்த படி. அதை அந்தந்தப் பகுதியின் வானிலை அலுவலகம் குறிப்பிட்ட ஒரு மேகத்துக்காக, சில பத்து நிமிடங்களுக்கு மட்டும் விடுக்கிறது. இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டை அங்கே பள்ளிக் குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள்.

எச்சரிக்கை விடுப்பவரின் முதன்மைக் கருவி டாப்ளர் ரேடார். மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு, துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகிப் போகின்றனவா, எந்த வேகத்தில் என்று அது கணிக்கிறது. திரையில் வருவது பச்சையாகவும் விலகுவது சிவப்பாகவும் தெரியும். சுழற்சி இருக்கும் இடத்தில் இந்த இரண்டு நிறங்களும் ஒட்டி நிற்கும். 1973 மே 24 அன்று ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டியைத் தாக்கிய டொர்னாடோவை நார்மன் ஆய்வாளர்கள் டாப்ளர் ரேடாரில் பதிவு செய்தபோதுதான், இத்தகைய தடயத்தை முன்கூட்டியே காண முடியும் என்பது உறுதியானது. இன்று நாடெங்கும் உள்ள ஏறத்தாழ 160 ரேடார்களின் வலையமைப்புக்கு அதுவே அடிப்படை.

ஆனால், பொதுவாக எச்சரிக்கை அலுவலர் தம் திரையில் டொர்னாடோவைப் பார்ப்பதில்லை. அதைப் பெற்றெடுக்கக்கூடிய பெரிய சுழற்சியைத்தான் பார்க்கிறார். என் பார்வையில் இந்த முழு விஷயத்தின் மையமும் இதுதான். ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிர்கூட அரை பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. எனவே 100 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கதிர் தரைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே செல்கிறது. அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. மேலே வலுவாகச் சுழலும் மேகங்களிலும் பெரும்பாலானவை டொர்னாடோவை இறக்காமலே கலைந்துவிடுகின்றன. சில மட்டும் ஏன் இறக்குகின்றன என்பதை அறிய 1994–95லும் 2009–10லும் பெரிய கள ஆய்வுகள் நடந்தன. மேகத்தின் பின்புறத்தில் இறங்கும் காற்று மிகவும் குளிர்ந்திருந்தால் சுழற்சி இறுகாமல் போகிறது என்பது போன்ற குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. ஆயினும் முழு விடை இன்னும் இல்லை.

ரேடார் கதிருக்குக் கீழே உள்ள அந்த இருட்டை நிரப்புபவர்கள் மனிதர்கள். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் சாலையோரங்களில் நின்று, மேகத்தின் அடியில் தாழ்ந்து தொங்கும் பகுதி சுழல்கிறதா என்று பார்த்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கிறார்கள். இரவிலும், மழைத்திரைக்குள் டொர்னாடோ மறைந்திருக்கும்போதும் இது ஆபத்தான பணி. மூர் நிகழ்வுக்கு 11 நாள் கழித்து, எல் ரீனோ அருகே 4.2 கிலோமீட்டர் வரை விரிந்த டொர்னாடோவில், நீண்ட அனுபவம் கொண்ட ஆய்வாளர் டிம் சமாராஸ், அவருடைய மகன், உடன் சென்ற ஒருவர் ஆகிய மூவரும் உயிரிழந்தனர்.

2013க்குள் ரேடார்களில் சேர்க்கப்பட்ட ஒரு வசதி இங்கே குறிப்பிடத்தக்கது. கிடைமட்டம், செங்குத்து என இரு தளங்களில் அலையை அனுப்பினால், திரும்பி வருவது மழைத்துளியா, ஒழுங்கற்ற வடிவமுள்ள மரத்துண்டும் கூரைத் தகடுமா என்று பிரித்தறியலாம். டொர்னாடோ தரையில் இருப்பதற்கு ரேடார் தரும் மிக உறுதியான சான்று இந்தச் சிதைவுத் தடயமே. அது தெரியும்போது யாருடைய வீடோ உடைந்துவிட்டது என்பதே அதன் கொடுமை. பாதையில் அடுத்து இருக்கும் ஊருக்குத்தான் அது பயன்படும்.

ஆகவே சான்று முழுமையாகும்வரை அலுவலர் காத்திருக்க முடியாது. அதன் விலையாக, விடுக்கப்படும் எச்சரிக்கைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றுக்குப் பிறகு டொர்னாடோ வருவதில்லை. இதைக் குறைகூறுவது எளிது. எனினும் தவறவிடப்படும் ஒன்றின் இழப்பை எண்ணினால், இந்தச் சாய்வு நியாயமானதே. 2007 அக்டோபர் முதல் மாவட்டம் முழுவதற்கும் பதிலாக, மேகம் செல்லும் திசையை ஒட்டிய பலகோண எல்லைக்கு மட்டும் எச்சரிக்கை விடுப்பதால், வீணாக அஞ்சுவோர் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. 2011இல் மிசௌரியின் ஜாப்லின் நகரில் 158 பேர் இறந்தபோது, சைரன் ஒலித்த பிறகும் பலர் உடனே ஒதுங்காமல் வேறொரு உறுதிப்பாட்டைத் தேடினர் என்பது பின்னர் நடந்த மதிப்பீட்டில் தெரியவந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, நேரக்கூடிய சேதத்தை நேரடியாகச் சொல்லும் வாசகங்கள் எச்சரிக்கைகளில் சேர்க்கப்பட்டன.

மூருக்கான எச்சரிக்கை பிற்பகல் 2.40க்கு வெளியானது. 2.56க்கு டொர்னாடோ நகருக்கு மேற்கே தரையைத் தொட்டது, 3.35க்கு அடங்குவதற்குள் 24 பேரைக் கொன்றது. அவர்களில் 7 பேர் ஒரே தொடக்கப் பள்ளியில் இருந்த குழந்தைகள். 16 நிமிடத்தில் நிலவறைக்கோ உறுதியான அறைக்கோ போய்விடலாம். ஆனால் அந்தப் பள்ளியில் அப்படி ஓர் அறை இருக்கவில்லை. மறு ஆண்டில் மூர் நகரம், புதிய வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்று தன் கட்டட விதிகளைத் திருத்தியது. மீண்டும் கட்டப்பட்ட பள்ளியிலும் பாதுகாப்பு அறைகள் அமைக்கப்பட்டன.