கார்னியா: கருப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை

கண் தானத்தைப் பற்றி எழுதும்போது ‘கருவிழி’ என்கிறோம். கைரேகை சரியாக விழாதவர்களைக் கண்ணை வைத்து அடையாளம் பார்க்கும் கருவிக்கும் ‘கருவிழிப் பதிவு’ என்றே எழுதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது கார்னியா, அதாவது கண்ணின் முன்புறத்தில் இருக்கும் தெளிவான படலம். கருவி படம் பிடிப்பது அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸை, அதாவது கண்ணுக்குக் கருப்பு, பழுப்பு, நீலம் என்று நிறம் தரும் வளையத்தை. சரி, பாடப்புத்தகத்தில் இருக்கும் ‘விழிவெண்படலம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாமே என்றால் அது இன்னும் சிக்கல். கண் சிவந்து பீளை தள்ளும் நோயை ‘விழிவெண்படல அழற்சி’ என்று எழுதுகிறார்கள். அந்த நோய் வருவது வெள்ளை விழியின் மேல் போர்த்தியிருக்கும் கன்ஜங்டைவா என்ற மெல்லிய சவ்வில், கார்னியாவில் அல்ல.

இத்தனைக்கும் கார்னியாவுக்கு நிறமே கிடையாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஒருவரின் பக்கவாட்டில் நின்று, அவரை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, கண்ணைக் கவனியுங்கள். கருப்பு வட்டத்துக்கு முன்னால், கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி, ஒரு சின்னக் குமிழ் தெளிவாகப் புடைத்து நிற்கும். குறுக்கே சுமார் 12 மில்லிமீட்டர், நடுவில் தடிமன் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நேருக்கு நேர் பார்த்தால் தெரியாது, பின்னால் இருப்பதுதான் தெரியும். தெரியாத பொருளுக்கு யார் பெயர் வைப்பார்கள்? எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் நம் உருவம் குட்டியாகத் தெரிகிறதே, அதைப் பார்த்துத்தான் கண்ணின் நடுவில் இருக்கும் கருப்புப் புள்ளியை நாம் ‘பாவை’ என்றோம். குறளில் ‘கருமணியிற் பாவாய்’ என்று வருகிறது. லத்தீன்காரர்களும் அதே இடத்துக்குச் சின்னப் பொம்மை என்ற பொருளில்தான் ‘பியூபில்லா’ என்று பெயர் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொம்மையைக் காட்டுவது பாவையே அல்ல, கார்னியாவின் ஈரமான மேற்பரப்பு. பாவை ஐரிஸின் நடுவில் உள்ள வெறும் துவாரம். வேலை ஒருவருடையது, பெயர் வேறொருவருக்கு!

‘கார்னியா’ என்ற சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘கார்னு’ என்றால் கொம்பு, மாட்டுக் கொம்பேதான். ‘கார்னியஸ்’ என்றால் கொம்பு போன்றது. கண்ணாடி மலிவாகக் கிடைக்காத காலத்தில் ஐரோப்பாவில் கொம்பை ஊறவைத்து, தட்டையாக்கி, மெல்லிய தகடாகச் சீவி விளக்குக் கூண்டுகளுக்குப் பதிப்பார்கள். வெளிச்சம் வரும், காற்று வராது. கெட்டியாகவும் இருந்து ஒளியையும் விடும் படலத்துக்குக் கொம்பின் பெயர் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். கிரேக்கத்தில் கொம்பு ‘கெராஸ்’. கெரட்டைட்டிஸ் (கார்னியா அழற்சி), கெரட்டோகோனஸ் (கார்னியா கூம்பாகப் புடைப்பது), கெரட்டோபிளாஸ்டி (கார்னியா மாற்று) என்று கார்னியா தொடர்பான மருத்துவச் சொற்கள் பல ‘கெரட்’, ‘கெரட்டோ’ என்று தொடங்குவது அதனால்தான். நகத்திலும் கொம்பிலும் உள்ள கெராட்டின் என்ற புரதத்தின் பெயரும் அதே வேர். ஆனால் கார்னியாவின் பெரும்பகுதி கெராட்டின் அல்ல, கொலாஜன் என்ற வேறொரு புரதம்.

வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் எபிதீலியம், ஐந்தாறு வரிசை செல்கள். தூசி உராய்ந்து லேசாகக் கீறினாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும், வலி மட்டும் உயிர் போகும், ஏனென்றால் நரம்பு முனைகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. அடுத்தது பௌமன் படலம். இது கிழிந்தால் மறுபடி வளராது, தழும்புதான். அப்புறம் ஸ்ட்ரோமா, மொத்தத் தடிமனில் சுமார் 90 சதவீதம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெள்ளை விழியும் கொலாஜன்தான், ஸ்ட்ரோமாவும் கொலாஜன்தான். வெள்ளை விழியில் இழைகள் தடித்தும் மெலிந்தும் தாறுமாறாகக் கிடக்கின்றன, அதனால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. ஸ்ட்ரோமாவில் ஒரே பருமனுள்ள இழைகள் ஒரே இடைவெளியில், பாய் முடைந்தது போல அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன, ஒளி நேரே போய்விடுகிறது. இரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

அதற்கும் உள்ளே டெசமே படலம், கடைசியாக எண்டோதீலியம். இது ஒற்றை வரிசை அறுகோணச் செல்கள், ஸ்ட்ரோமாவில் ஊறும் நீரை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். இந்தச் செல்கள் போனால் போனதுதான், புதிதாக முளைக்காது. மிகவும் குறைந்துவிட்டால் கார்னியா நீர் கோத்து மங்கிவிடும். 2013இல் ஹர்மிந்தர் துவா என்ற கண் மருத்துவர், ஸ்ட்ரோமாவுக்கும் டெசமே படலத்துக்கும் நடுவில் இன்னொரு மெல்லிய அடுக்கு உண்டு என்றார். அது தனி அடுக்கா, ஸ்ட்ரோமாவின் கடைசி ஓரமா என்பதில் எல்லோரும் ஒத்துப்போகவில்லை.

கார்னியாவுக்குத் தனிப் பெயர் வைக்காத நம் பேச்சு வழக்கு, அது கெட்டுப்போவதற்கு மட்டும் அழகாகப் பெயர் வைத்திருக்கிறது: ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’. புண்ணோ அடியோ பட்டு ஆறிய இடத்தில் இழைகளின் ஒழுங்கு குலைந்து வெள்ளையாகத் தெரியும் தழும்புதான் அந்தப் பூ. கண்புரை வேறு, அது உள்ளே இருக்கும் வில்லை மங்குவது.

அப்படியானால் சரியான தமிழ் எது? நோயாளியிடம் பேசும்போது ‘கருவிழி’ போதும், எல்லோருக்கும் புரிகிறது, பழகிவிட்டது. ஆனால் ஐரிஸும் கார்னியாவும் ஒரே பக்கத்தில் வரும் கட்டுரையில் அது உதவாது. ‘விழிவெண்படலம்’ என்பதை நான் விட்டுவிடுவேன், அது நன்றாக இருக்கும் கார்னியாவைப் பூ விழுந்த கார்னியா ஆக்கிவிடுகிறது. கொம்பை மொழிபெயர்த்துக் ‘கொம்புப்படலம்’ என்பதும் வேண்டாம். தெளிநீர் என்கிறோமே, அந்த வழியில் ‘தெளிபடலம்’ என்று நான் எழுதிப் பார்க்கிறேன். தெளிபடல அழற்சி, தெளிபடல மாற்று என்று ஒட்டினாலும் நாக்கு தடுக்கவில்லை. முதல் தடவை மட்டும் பக்கத்தில் ‘கார்னியா’ என்று போட்டுவிட வேண்டும்.